பிறந்த குழந்தைக்குத் தட்டணு 82,000: ஏற்றச் சொல்லிக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு பிரஷர் கூடியதால் 34-வது வாரத்தில் சிசேரியன் செய்தார்கள். மகன் 1.6 கிலோ. மூன்றாம் நாள் தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) 82,000 என்று வந்தது. நன்றாகப் பால் குடிக்கிறான். டாக்டர் தட்டணு ஏற்றவில்லை. ஏற்றச் சொல்லிக் கேட்கலாமா? நான் பப்பாளி இலைச் சாறு குடித்தால் அவனுக்கு ஏறுமா?

பதில்: வேண்டாம் அம்மா, இப்போதைக்கு ஏற்றத் தேவையில்லை. பிறந்த குழந்தைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் 50,000-க்குக் கீழே போனால்தான் கடுமையான குறைவு என்போம். எண்ணிக்கையைவிட, அது எப்போது குறைந்தது, குழந்தை எப்படி இருக்கிறான் என்பதே முக்கியம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் உங்கள் பிரஷர்தான். பிரஷர் கூடும்போது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும்; தட்டணு உற்பத்தியும் மந்தமாகும். எடை குறைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இந்த வகைக் குறைவு முதல் மூன்று நாளில் தெரியும், நான்கைந்தாம் நாள் இன்னும் கொஞ்சம் இறங்கும், அப்புறம் பத்து நாளுக்குள் பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும். அதனால் நாளை 70,000 என்று வந்தாலும் பதற வேண்டாம்.

மூன்று நாளுக்குப் பிறகு திடீரென்று சரிந்தால் கதையே வேறு. கிருமித் தொற்றோ குடல் அழற்சியோ இருக்கலாம். உடனே சிகிச்சை வேண்டும். உங்களுக்கே தட்டணு குறைவு உண்டு என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒன்று கேளுங்கள்: ரத்தம் குதிகாலில் குத்திப் பிழிந்து எடுத்ததா? அப்படி எடுக்கும்போது சிறு கட்டி உறைந்தாலும் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். ரத்தக்குழாயிலிருந்து எடுத்து மறுபடி பார்ப்பது நல்லது.

ஏற்றினால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். 34 வாரத்துக்கு முன் பிறந்த 660 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. 50,000-க்குக் கீழே போனதுமே தட்டணு ஏற்றிய குழுவில் 26 சதவீதம் பேருக்கு மரணமோ பெரிய ரத்தக்கசிவோ நேர்ந்தது. 25,000 வரை காத்திருந்த குழுவில் 19 சதவீதம். உங்கள் டாக்டர் காத்திருப்பது அலட்சியம் இல்லை.

பப்பாளி இலைச் சாறு வேண்டாம். குழந்தையின் வாயில் ஒரு சொட்டுகூட வைக்காதீர்கள். தாய்ப்பால் போதும்.

அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், தொப்புளில் கசிவு, மலத்தில் ரத்தம், உச்சிக்குழி புடைப்பு, வலிப்பு, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். தலைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்தே பார்த்துவிடலாம். எடுத்தார்களா என்று கேளுங்கள். வீட்டுக்குப் போகுமுன் எண்ணிக்கை ஏறத் தொடங்கியதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.