பனியன் முறுக்கும் பட்டின் கோர்வையும்: துணிக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: புது டிஷர்ட், இரண்டே சலவையில் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. தையல்காரர் தப்பா?

பெரும்பாலும் இல்லை, தம்பி. டிஷர்ட் தைக்கும் சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணியில் ஓடுவது ஒற்றை இழை நூல். நூற்கும்போது ஏற்றிய முறுக்கு பிரியத் துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கண்ணிகள், அதாவது பின்னலின் சிறு வளையங்கள், ஒரு பக்கம் சாயும். வட்ட பின்னல் இயந்திரத்தில் ஒரே சுற்றில் பல நூல்கள் ஏறுவதும் சாய்வைக் கூட்டும். ஃபினிஷிங்கில் இழுத்து நேராக்கி அனுப்புவார்கள். தண்ணீர் பட்டதும் துணி தன் புத்தியைக் காட்டிவிடும்.

வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். தையலை ஒட்டி மேலிருந்து கீழே ஓடும் கண்ணி வரிசையைப் பாருங்கள். வரிசை தையலை வெட்டிக்கொண்டு போனால் அந்தச் சட்டை வேண்டாம். பக்கத் தையலே இல்லாத குழாய்த் துணி பனியனும் முறுக்கத்தான் செய்யும். காட்டிக்கொடுக்கத் தையல் இல்லை, அவ்வளவுதான்!

கேள்வி: 180 ஜிஎஸ்எம் என்றால் தரமான துணியா?

அது எடை மட்டும்தான்: ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். தடித்த நூலில் தளர்வாகப் பின்னினாலும் அந்த எடை வரும். நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் கவுன்ட் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: பிளவுஸ் துணியில் 'டூ பை டூ' என்கிறார்களே?

பாவிலும் (நீளவாட்டு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல். பாவில் மட்டும் இரட்டை, ஊடையில் ஒற்றை என்றால் டூ பை ஒன். டூ பை டூ கூடுதலாக உழைக்கும்.

கேள்வி: கிராஸ் கட் பிளவுஸுக்கு டெய்லர் ஏன் அதிகத் துணி கேட்கிறார்?

ஒரு கைக்குட்டையை எடுத்து ஓரத்தோடு இழுத்துப் பாருங்கள், அசையாது. மூலைக்கு மூலை இழுங்கள், நீளும். முன்பாகத்தைச் சாய்த்து வெட்டுவது அந்த நெகிழ்வுக்காகத்தான். சாய்த்து வெட்டினால் துண்டு விழும், துணி கூடும். டெய்லர் கேட்பது நியாயம்தான். ஆனால் காட்டன் லைனிங்கை நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்துணி சுருங்கி மேல்துணி உப்பி நிற்கும்.

கேள்வி: காஞ்சிப் பட்டில் கோர்வை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

புடவையைப் புரட்டுங்கள். கோர்வை என்பது உடலையும் கரையையும் தனித்தனி ஊடை நூலில் நெய்து கோக்கும் முறை. அதில் உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலை ஏந்தி ஓடும் தறிக் கருவி), இரு கரைகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. உடலின் ஊடை நூலும் கரையின் ஊடை நூலும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். பின்பக்கம் அந்தச் சேர்மானத்தை விரலால் தடவினால் தெரியும். கரைநாடா தள்ளத் தறியில் இன்னொருவர் உட்காருவது வழக்கம். விலை ஏறுவது அதனாலும்தான். ஒரே நாடாவில் நெய்தால் உடலின் ஊடை நிறம் கரைக்குள்ளும் ஓடி, கரையின் நிறம் கலங்கித் தெரியும்.

முந்தியும் வேறு நிறமா? அப்படியானால் உடல் பாவோடு முந்திப் பாவை இழை இழையாக இணைக்கும் பேட்னி வேலை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள் அக்கா. சேர்த்த இடம் சற்றுத் தடித்த பட்டையாகத் தெரிந்தால் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.