சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சின்ன தையல் கடை. இணையதளம் கூகுளில் தென்படவே இல்லை. பணம் கொடுத்து எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்ய வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். முதலில் கூகுள் பிசினஸ் புரொஃபைலில், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் பக்கத்தில், கடையைப் பதிவு செய்யுங்கள், இலவசம். பக்கத்தில் உள்ள கடையை ஒருவர் தேடும்போது பொருத்தம், தூரம், பிரபலம் ஆகியவற்றைப் பார்த்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது. தூரத்தை மாற்ற முடியாது. மற்றவற்றுக்குச் சரியான கடை வகை, திறக்கும் நேரம், படங்கள், வாடிக்கையாளர்கள் தாங்களே எழுதும் விமர்சனங்கள் உதவும்.

பிறகு தளம். "நல்வரவு" என்ற தலைப்பை எடுத்துவிட்டு "சேலை பிளவுஸ் தையல், லிட்டில் இந்தியா" என்று வையுங்கள். அப்படித்தானே ஆட்கள் தேடுகிறார்கள்! தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் பக்கங்கள் இருக்கட்டும். கூலி எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், எம்ஆர்டி ரயில் நிலையத்தின் எந்த வாசலில் வெளியே வர வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். பெரிய கடைகள் பலவும் இதைச் செய்வதில்லை. தீபாவளிப் பக்கத்தை இரண்டு மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள், கூகுள் படித்துச் சேர்க்க நேரமெடுக்கும்.

மெட்டா கீவேர்டு (பக்கத்தின் நிரலில் மறைவாக வைக்கும் தேடல் சொற்கள்) நிரப்பித் தருகிறேன் என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. தேடலில் மேலே வர மற்ற தளங்களில் விலைக்கு இணைப்பு (லிங்க்) வாங்குவதோ கூகுள் விதிமீறல்.

வாட்ஸ்அப் விளம்பரத்தில் கவனம் தேவை: சிங்கப்பூரில் 2014 முதல் 'டூ நாட் கால்' பதிவேடு (விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதியும் பட்டியல்) நடப்பில் இருக்கிறது. தெளிவான சம்மதம் தராத உள்ளூர் எண்கள் அதில் இல்லை என்று சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.