கடல் நடுவில் அறுபடும் படம், புகையோடு போகும் சூடு: வாசகர் கேள்விகள்

பாம்பன் வாசகர்: படகைக் கண்காணிக்கக் கரையில் கேமரா வைத்து, கடலுக்கு அந்தப் பக்கம் 3 கி.மீ. தள்ளி ஒயர்லெஸ்ஸில் பார்க்கிறேன். 5.8 கிகாஹெர்ட்ஸ். இரண்டு கம்பமும் தண்ணீர் மட்டத்திலிருந்து 9 மீட்டர். காற்றில்லாத விடியற்காலையில் படம் அறுந்துபோகிறது. கேமராவை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்ற வேண்டாம். கேமரா ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. அலை நேராகவும் வருகிறது, தண்ணீரில் பட்டுத் தெறித்தும் வருகிறது. தெறிக்கும்போது அது தலைகீழாகிவிடும். இரு வழிகளின் தூர வித்தியாசம் ஓர் அலைநீளமாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். உங்கள் கணக்கைப் பாருங்கள்: இரண்டு உயரங்களையும் பெருக்கி, இரட்டித்து, தூரத்தால் வகுத்தால் 5.4 செ.மீ. அலைநீளமோ 5.2 செ.மீ. கிட்டத்தட்ட சிக்னல் அழியும் குழிக்குள்ளேயே கம்பம் நட்டிருக்கிறீர்கள்! கடல் ஏறினாலும் வற்றினாலும் இந்தக் கணக்கு கொஞ்சம் நகரும். கச்சான் காற்று அடித்துக் கடல் கலங்கினால் தெறிப்பு சிதறிவிடும், படமும் பிழைக்கும். கடல் அசையாமல் கிடக்கும்போதுதான் வில்லங்கம்.

ஒரு பக்க ஆன்டெனாவை மட்டும் 13 மீட்டருக்கு ஏற்றுங்கள். வித்தியாசம் 7.8 செ.மீ., அதாவது ஒன்றரை அலைநீளம். இப்போது இரண்டு அலைகளும் கைகோத்து வரும். செலவு 4 மீட்டர் இரும்புக் குழாய்தான்.

கீழக்கரை வாசகர்: ஒரு நொடி தடங்கினாலும் படம் பல நொடிகள் கட்டம் கட்டமாக நிற்கிறதே?

கேமரா எப்போதாவதுதான் முழுப்படம் அனுப்பும். நடுவில் வருவதெல்லாம் மாறிய பகுதி மட்டும். ஒன்று தொலைந்தால் அடுத்த முழுப்படம் வரும்வரை கோளாறு நீடிக்கும். செட்டிங்கில் ஐ-ஃபிரேம், அதாவது முழுப்படத்தின் இடைவெளியை ஒரு நொடியாகக் குறையுங்கள். நொடிக்கு அனுப்பும் தரவின் அளவான பிட்ரேட்டையும் இறக்குங்கள்.

மண்டபம் ஐஸ் கம்பெனி உரிமையாளர்: ஜெனரேட்டர் புகையிலும் தண்ணீரிலும் போகும் சூட்டில் கரண்ட் எடுக்கலாமா? வழுதூர் மின்நிலையத்தில் எடுக்கிறார்களே?

வழுதூரில் கேஸ் டர்பைன் புகையால் நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறார்கள். முதல் அலகின் 95 மெகாவாட்டில் 35 அப்படி வருவதுதான். அது அந்த அளவுக்குக் கட்டுப்படியாகும். உங்கள் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் 90 டிகிரி, வெளிச்சூடு 35 என்றால், ஏட்டுக் கணக்கிலேயே 15 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாகாது. கைக்கு வருவது அதில் பாதி தேறினாலே அதிசயம். சூட்டைச் சூடாகவே செலவழியுங்கள். டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறது. அதைக் காற்றுக்கு மாற்றிக் கருவாடு காயவைக்கலாம், மழைக்காலத்தில் கை கொடுக்கும். புகை மீனில் நேரே படக்கூடாது. காற்று 45 டிகிரியைத் தாண்டவும் விடாதீர்கள், மீன் காய்வதற்கு முன்பே வெந்துவிடும். அப்புறம், புகைக்குழாயை அதிகம் நெருக்கினால் எஞ்சின் திணறும்.

தொண்டி வாசகர்: கடல்தண்ணீர் ஓடும் கூலரில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயே ஓட்டையாகிறதே?

உப்பு அதைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும், 316 ரகமும் தப்பாது. டைட்டானியம் நிற்கும், விலைதான் கடிக்கும். செம்பு-நிக்கல் போதும். கூலரை நிறுத்தும்போது உப்புத்தண்ணீரை உள்ளே தேங்க விடாமல் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஓடும் நேரத்தைவிடத் தேங்கிக் கிடக்கும் நேரத்தில்தான் அரிப்பு அதிகம்.