ஈரக்காற்று ஊரில் ஆரத்தித் தட்டு: எதைத் தைப்பது, எதை ஒட்டுவது?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு, சமூக மன்றத்தில் வைத்திருக்கிறோம். ஏழு ஆரத்தித் தட்டும் வீட்டு வாசல் தோரணமும் என் கையாலேயே செய்ய ஆசை. ஆனால் போன தீபாவளிக்குச் செய்து எடுத்து வைத்த பெட்டியைத் திறந்தால், கற்கள் பாதி உதிர்ந்து கிடக்கின்றன. கோலப் பலகையில் பூஞ்சை. சரிகை கறுத்துவிட்டது. உதிராமல் பிடிக்கிற பசை எது என்று சொல்லுங்கள்."

பசையை மட்டும் மாற்றினால் போதாது, அம்மா. நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். பூஞ்சைக்கு 70 இருந்தாலே போதும். அட்டையும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையும் தினமும் இந்த ஈரத்தைக் குடித்து ஊதும், பிறகு சுருங்கும். மேலே இருக்கும் கண்ணாடிக் கல் ஊதவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பசை எத்தனை மாதம் தாங்கும்? அதனால் நான் செய்யும் எதிலும் ஒரே வழிதான்: தைக்க முடிந்ததைத் தைப்பேன், கட்ட முடிந்ததைக் கட்டுவேன், இரண்டும் முடியாத இடத்தில் மட்டும் பசையை எடுப்பேன்.

தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். எவர்சில்வர் தட்டின் மேல் க்ளூ கன்னால் நேராக ஒட்டாதீர்கள். வழவழப்பான உலோகத்தில் அந்தப் பசை பிடிமானம் இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கும், நகத்தால் நெம்பினால் அப்படியே தகடாகக் கழன்று வரும். அதற்குப் பதில் தட்டுக்கு ஒரு சட்டை தைத்துவிடுங்கள். 12 அங்குலத் தட்டு என்றால், அதன் குழி நிரம்பும் அளவுக்கு மெத்தென்று இருக்கும் ஈவா ஃபோம் ஷீட்டை வட்டமாக வெட்டி இரண்டு மூன்று அடுக்கு வையுங்கள். அது தண்ணீர் குடிக்காது. பிறகு 18 அங்குல வட்டமாக வெல்வெட் துணி வெட்டி, ஓரத்தை அரை அங்குலம் மடித்துத் தைத்து, உள்ளே எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். குளியல் தொப்பி மாதிரி தட்டின் மேல் மாட்டி, அடியில் இழுத்துவிட்டால் மேல்பக்கம் சமமாக நிற்கும். ஓர லேஸ், முத்துச்சரம், ஜிமிக்கி எல்லாவற்றையும் துணியில் ஊசி நூலால் தைக்கலாம். விழா முடிந்ததும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தட்டைச் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடலாம். அடுத்த விசேஷத்துக்கு வேறு நிறத்தில் இன்னொரு சட்டை.

துளையில்லாத தட்டைக் கற்களுக்குத்தான் பசை தேவைப்படும். வெள்ளைப் பசை வேண்டாம். அதில் இருக்கும் தண்ணீர் ஆவியானால்தான் அது இறுகும், ஈரம் பட்டால் மறுபடி இளகும். சூப்பர் க்ளூவும் வேண்டாம். அது காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது, அதன் ஆவி கல்லைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து பளபளப்பைக் கெடுத்துவிடும். ஈரம் கூடிய நாளில் இது இன்னும் மோசம். பருத்தித் துணியில் அதிகமாகச் சிந்தினால் கை சுடும் அளவுக்குச் சூடும் கிளம்பும். நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் ஊசிமுனை டியூப் பசை, பி-7000 போன்றது, இதற்குச் சரியாக வரும். கடுகளவு வைத்து, ஒரு நிமிடம் விட்டு, கல்லை அழுத்துங்கள். பத்து நிமிடத்தில் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் முழுதாக இறுக இரண்டு நாளாவது விடுங்கள். சில கற்களின் அடியில் இருக்கும் வெள்ளிப் பூச்சை இந்தப் பசை கரைத்துவிடும். முதல் நாள் ஒரே ஒரு கல்லை ஒட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். அப்புறம், இதன் நெடி கடுமையானது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். மாசமாக இருக்கும் மகளை அந்த அறைப்பக்கம் விடாதீர்கள், உதவுகிறேன் என்று வந்தாலும் சரி.

இனி நெருப்பு. இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். என் அண்ணன் மகள் வளைகாப்பில், வெற்றிலை மேல் வைத்த சூடம் தட்டு சாய்ந்ததில் உருண்டு, ஓரத்தில் சுருக்கி வைத்திருந்த வலைத்துணியில் பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பெரியம்மா ஈரத்துண்டை எடுத்துப் போட்டார், அதனால் தப்பித்தோம். தெர்மாகோல், வலைத்துணி, வெல்வெட், க்ளூ கன் பசை எல்லாமே சூட்டில் உருகும், எரியும். அன்றிலிருந்து சூடமோ விளக்கோ ஏறும் தட்டுக்கு நான் துணியே போடுவதில்லை. வெறும் பித்தளை அல்லது எவர்சில்வர் தட்டு, அரிசி மாவைக் கரைத்து விரலால் இழுத்த கோலம், ஓரத்தில் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) வாங்கிய பூ. நடுவில் விளிம்புள்ள சின்னக் கிண்ணத்தில் சூடம். உங்கள் ஏழில் ஒன்று இப்படி இருக்கட்டும், மற்ற ஆறையும் மனம் போல அலங்கரியுங்கள். மன்றத்தில் சூடம் ஏற்ற அனுமதி உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆரத்தித் தண்ணீர் பற்றியும் ஒன்று. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பது சுண்ணாம்பின் காரத்தன்மையால், அதாவது அமிலத்துக்கு எதிரான குணத்தால். வெல்வெட்டில் மஞ்சள் சிந்திவிட்டால் சோப்புப் போட்டதும் அது இன்னும் சிவந்து பயமுறுத்தும், சோப்பிலும் காரம் இருக்கிறதே. பதறாமல் அலசி, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், மஞ்சளுக்குத் திரும்பிவிடும். பிறகு வெயில் வரும் ஜன்னலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், ஓரிரு நாளில் கறை வெகுவாக மங்கும்.

தோரணம் சுலபம்தான். மாவிலை வடிவத்தைப் பாலியெஸ்டர் ஃபெல்ட்டில் வெட்டி, நடு நரம்பைத் தையலாகவே ஓட்டிவிட்டால் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை, தாழ்வாரத்தில் சாரல் அடித்தாலும் கவலையில்லை. இலையை மடித்துத் தைத்துக் கயிற்றில் கோத்து, இரும்புக் கதவின் மேல் கம்பியில் ரிப்பனால் கட்டிவிடுங்கள். காந்தத்தில் மாட்ட நினைத்தால், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை முதலில் வைத்துப் பாருங்கள். அலுமினியக் கதவென்றால் ஒட்டாது. கோலப் பலகையைத் தாழ்வாரத்தில் வைப்பதானால் 1.2 மீட்டர் நடைவழி தாராளமாக இருக்க வேண்டும், அது தீயணைப்பு விதி. பலகைக்கு இந்த முறை எம்.டி.எஃப் வேண்டாம், அக்ரிலிக் ஷீட்டில் செய்யுங்கள்.

ஒரு மாதம் போதுமா என்றால், போதும். துணி வெட்டும் வேலையையும் தையலையும் முதல் இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள். கல் ஒட்டும் வேலை விழாவுக்கு நான்கு நாள் முன்பே நின்றுவிட வேண்டும். மல்லிகைச் சரம் அன்று காலையில், குண்டூசியால்.

சரிகை கறுத்ததைக் கேட்டீர்கள். செம்புக் கம்பிச் சரிகை காற்றிலும் ஈரத்திலும் கறுக்கும். ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைத்தால், ரப்பரில் இருக்கும் கந்தகத்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். புதிதாக வாங்கும்போது பிளாஸ்டிக் இழைச் சரிகை லேஸ் கேளுங்கள், அது அப்படிக் கறுக்காது. எடுத்து வைக்கும்முன் எல்லாவற்றையும் குளிர்சாதன அறையில் ஒரு நாள் விரித்துப் போடுங்கள். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது ஈரம் ஏறியது என்று கண்ணுக்குத் தெரியும்: நீலம் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு பச்சையாகும். அலமாரிக்கு விற்கும் தண்ணீர் சேரும் டப்பாவைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அது கவிழ்ந்தால் உப்புத் தண்ணீர் துணியில் இறங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து பொட்டலத்தின் நிறத்தைப் பார்த்து மாற்றி வாருங்கள், குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் அதே சட்டைகளை எடுத்து மாட்டலாம்.