அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை மாயம், திரை தடுமாற்றம்: மதர்போர்டை மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்

கேள்வி: என்னிடம் 2012 நடுப்பகுதி மாடல் 13 அங்குல மேக்புக் ப்ரோ இருக்கிறது. புதிய மேக்ஓஎஸ் அதில் ஓடாது என்று ஆப்பிள் சொல்லிவிட்டதால், லேப்டாப்பை விற்றவரே ஏதோ ஓபன்கோர் முறையில் சொனோமா என்ற மேக்ஓஎஸ் பதிப்பை நிறுவிக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது. சென்ற வாரம் திரையில் வந்த அப்டேட் அறிவிப்பை அழுத்தினேன். மறுபடி திறந்தபோது வைஃபை இல்லை. விண்டோவை நகர்த்தினால் படம் விட்டுவிட்டு இழுக்கிறது, எழுத்துகள் தாமதமாக வருகின்றன. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். கிராஃபிக்ஸ் சிப்பும் வைஃபை கார்டும் எரிந்துவிட்டன, மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா? தங்கைக்கும் இதே மாடலில் ஒன்று வாங்க நினைத்திருந்தேன். அதை விட்டுவிடட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். லேப்டாப்பை இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அதில் எந்தப் பாகமும் எரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கிராஃபிக்ஸ் வேறு, வைஃபை கார்டு வேறு. முதல் நாள் வரை நன்றாக ஓடிய இரண்டும், அப்டேட் முடிந்த அதே நிமிடத்தில் ஒன்றாகச் செத்துப்போயின என்பதை எப்படி நம்புவது? போனது டிரைவர், அதாவது அந்தப் பாகங்களை இயக்கும் மென்பொருள். அதைத் திரும்ப வைக்க அரை மணி நேரம் போதும்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ். அதை இயக்கும் டிரைவரை 2021-ல் வந்த மான்டரே பதிப்பிலேயே ஆப்பிள் எடுத்துவிட்டது. உங்கள் வைஃபை கார்டுக்கும் சொனோமாவில் ஆப்பிளின் டிரைவர் கிடையாது. ஓபன்கோர் லெகசி பேட்சர் என்ற இலவச மென்பொருள்தான் இந்தக் குறையை நிரப்புகிறது. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. லேப்டாப் திறக்கும்போது சொனோமாவை ஏற்றுக்கொள்ள வைப்பது ஒன்று. ஆப்பிள் நீக்கிய பழைய டிரைவர்களை மேக்ஓஎஸ் கோப்புகளுக்குள் மறுபடி வைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ரூட் பேட்ச் என்று பெயர்.

சிக்கல் முழுவதும் இந்த இரண்டாவதில்தான். 2020-ல் வந்த பிக் சர் பதிப்பு முதல், மேக்ஓஎஸ் தன் சொந்தக் கோப்புகளை முத்திரையிட்ட தனிப் பகுதியில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டிலும் அந்தப் பகுதி புதிதாக, ஆப்பிளின் முத்திரையோடு வருகிறது. வீட்டுக்காரர் சுவரையே இடித்துப் புதிதாகக் கட்டினால், நீங்கள் அடித்து வைத்த ஆணி மட்டும் எப்படி நிற்கும்? பழைய டிரைவர்கள் போய்விடும். உங்கள் புகைப்படங்களும் கோப்புகளும் வேறு பகுதியில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

நான் சொல்வதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வைஃபை கார்டு உயிரோடு இருக்கிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம், செலவே இல்லை. லேப்டாப்பை முழுவதும் அணைத்துவிட்டு, மீண்டும் திறந்த உடனே ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். நெட்வொர்க் கம்பி எதுவும் செருகியிருக்கக் கூடாது. சுழலும் உருண்டை ஒன்று தோன்றி, வைஃபையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அந்தப் பட்டியலில் உங்கள் வைஃபையின் பெயர் தெரிந்தால் கார்டு வேலை செய்கிறது. இந்தக் கட்டத்தில் சொனோமா இன்னும் திறக்கப்படவில்லை. லேப்டாப்பின் அடிப்படை நிரலே கார்டோடு பேசுகிறது. பட்டியல் வராமல் நேராகப் பதிவிறக்கம் தொடங்கினாலும் கார்டு நலம் என்றே பொருள். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். எதுவும் அழியாது.

கிராஃபிக்ஸுக்கு, ஆப்பிள் மெனுவில் இந்த மேக் பற்றிய விவரங்களுக்குப் போய், சிஸ்டம் ரிப்போர்ட்டில் கிராஃபிக்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். சரியாக இருக்கும்போது எச்டி 4000-க்கு நேரே 1536 எம்பி என்று இருக்கும். இப்போது ஒற்றை இலக்கத்தில் சில எம்பி மட்டுமே காட்டக்கூடும். சிப் எரிந்திருந்தால் இந்தப் பக்கத்தை நீங்கள் படித்துக்கொண்டிருக்கவே முடியாது. டிரைவர் இல்லாததால் எல்லாப் படத்தையும் பிராசஸரே வரைந்துகொண்டிருக்கிறது. இழுவைக்கு அதுதான் காரணம்.

சிப் போய்விட்டது என்ற பேச்சு உண்மையாகும் மாடல்களும் உண்டு. அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மாடல்களின் கெட்ட பெயரைக் காட்டித்தான் எல்லா மேக்புக்காரர்களையும் பயமுறுத்துகிறார்கள். 2011-ல் வந்த 15 மற்றும் 17 அங்குல மேக்புக் ப்ரோக்களில் ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் சிப் தனியாக இருந்தது. அது பரவலாகப் பழுதானது. திரையில் கோடுகளும் கட்டங்களும் வரும், படம் கலைந்து சிதறும், லேப்டாப் தானாக அணைந்து திறக்கும், அல்லது திறந்தும் திரை இருட்டாகவே இருக்கும். பலர் சத்தம் போட்ட பிறகு, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. 2012, 2013-ல் வந்த 15 அங்குல ரெட்டினா மாடல்கள் சிலவும் அதில் சேர்க்கப்பட்டன. அந்தத் திட்டம் எப்போதோ முடிந்துவிட்டது.

அந்தப் பழுதின் அடையாளத்தைக் கவனியுங்கள். கோடுகள் ஆப்பிள் சின்னம் தோன்றும்போதே வரும். ஆப்ஷன் விசையை அழுத்தித் திறந்தால் வரும் டிஸ்க் தேர்வுத் திரையிலும் வரும். அதாவது மேக்ஓஎஸ் ஏறுவதற்கு முன்பே வரும். எந்த அப்டேட்டுக்காகவும் அது காத்திருக்காது. உங்களுக்கோ தொடக்கத் திரைகள் சுத்தமாக இருந்து, உள்ளே போன பிறகுதான் இழுக்கிறது. உங்கள் 13 அங்குல மாடலில் தனி கிராஃபிக்ஸ் சிப்பே கிடையாது. கிராஃபிக்ஸ் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அது எரிந்திருந்தால் பிராசஸரும் எரிந்திருக்க வேண்டும், லேப்டாப் திறந்தே இருக்காது. அந்தப் பழைய ரேடியான் மாடல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிப்பைச் சூடுகாட்டிச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். சூடு காட்டினால் சில வாரமோ சில மாதமோ ஓடும், பிறகு அதே கோடுகள் வரும். வேலை செய்தவர் அதற்குள் பணத்தை வாங்கி முடித்திருப்பார்.

இனி சரிசெய்யும் வழி. முதலில் கம்பி வழியே இணையம் வேண்டும். பேட்சர் சில துணைக் கோப்புகளை இறக்கும். வைஃபை இல்லாமல் அதைத் தொடங்கிவிட்டு, பாதியில் நின்றுவிட்டது என்று பலர் கைவிடுகிறார்கள். உங்கள் மாடலின் இடப்பக்கத்தில் ஈதர்நெட் துளை இருக்கிறது. ரவுட்டரிலிருந்து கம்பியை அதில் செருகினால் போதும். ரவுட்டர் தொலைவில் இருந்தால், ஐஃபோனை யுஎஸ்பி கம்பியால் இணைத்து ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றை மேக் இப்படி ஏற்றுக்கொள்வதில்லை.

அடுத்து அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் ஓபன்கோர் லெகசி பேட்சரைத் திறவுங்கள். புதிய பதிப்பு இருக்கிறது என்று சொன்னால் முதலில் அதை ஏற்றுங்கள். பிறகு 'பில்ட் அண்ட் இன்ஸ்டால் ஓபன்கோர்' என்பதை அழுத்தி, உள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, லேப்டாப்பை மறுபடி திறவுங்கள். அதன் பிறகு 'போஸ்ட்-இன்ஸ்டால் ரூட் பேட்ச்' என்பதற்குள் போனால், உங்கள் லேப்டாப்புக்குத் தேவையானவற்றை அதுவே பட்டியலிடும். கிராஃபிக்ஸும் நெட்வொர்க்கும் அதில் இருக்க வேண்டும். தொடங்கச் சொல்லி, கடவுச்சொல்லைக் கொடுத்து, முடிந்ததும் மறுபடி திறவுங்கள். வைஃபை வந்துவிடும், இழுவையும் போய்விடும்.

அப்டேட்டுக்குப் பிறகு முதல் முறை உள்ளே போனபோது, ரூட் பேட்ச் இல்லை, போடட்டுமா என்று பேட்சரே ஒரு சிறு பெட்டியில் கேட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் வந்த புரியாத அறிவிப்பு என்று மூடியிருப்பீர்கள். அது உங்கள் தவறு இல்லை. நிறுவிக் கொடுத்தவர் அன்றைக்கே இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

பழுது பார்த்தவர் ஏற்கனவே எதையாவது கிளறியிருந்தால், திறக்கும்போது குறுக்குக் கோடு போட்ட வட்டம் தெரியலாம். அதைக் காட்டி ஹார்ட் டிஸ்க்கும் போச்சு என்பார்கள். பெரும்பாலும் எதிலிருந்து திறக்க வேண்டும் என்ற அமைப்பை வைத்திருக்கும் என்விராம் நினைவகத்தை ரீசெட் செய்திருப்பார்கள், அதனால் ஓபன்கோரைத் தாண்டி நேராக மேக்ஓஎஸ் திறக்கப் பார்க்கிறது. ஆப்ஷன் விசையை அழுத்தித் திறந்து, ஈஎஃப்ஐ பூட் (EFI Boot) என்ற படத்துக்குப் போய், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே என்டர் தட்டுங்கள். அடுத்த முறையிலிருந்து தானாக அந்த வழியில் திறக்கும்.

சரியான பிறகு முதல் வேலையாகத் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அதில் சாஃப்ட்வேர் அப்டேட். அங்கே தானாக இறக்குவது, தானாக நிறுவுவது இரண்டையும் அணைத்துவிடுங்கள். அப்டேட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, கம்பி இணையத்தோடு, மேக்கின் சொந்த பேக்கப் வசதியான டைம் மெஷினில் பேக்கப் எடுத்துவிட்டு, பேட்சரைப் புதுப்பித்துவிட்டு, அதற்குப் பிறகு செய்யுங்கள். முடிந்ததும் ரூட் பேட்ச். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ரூட் பேட்ச் போட்டதில் முத்திரை உடைந்த லேப்டாப் என்பதால் சின்னத் திருத்தத்துக்கும் மேக்ஓஎஸ் முழுவதையும் இறக்கும், பத்து ஜிபிக்கு மேல் போகும். டேட்டா குறைவாக இருக்கும் நாளில் தொடாதீர்கள்.

அதே பக்கத்தில், 2025-ல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான டஹோவுக்கு மாறச் சொல்லும் பொத்தானும் வரலாம். அதைத் தொடவே தொடாதீர்கள். பேட்சரின் 2.4 வரிசையில் டஹோவுக்கு ஆதரவு இல்லை. சொனோமாவுக்கான திருத்தம் அதே பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பெரிதாகக் காட்டுவது ஆபத்தானது, சிறிதாக ஒளித்து வைத்திருப்பது தேவையானது. இப்படி ஒரு பக்கத்தை வடிவமைத்து, சாதாரண மனிதர்கள் சரியாக அழுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

அநியாயம் அதோடு நிற்கவில்லை. உங்கள் மாடலை ஆப்பிள் 2016 அக்டோபர் வரை புதிதாக விற்றது. 2020-ல் பிக் சர் வந்தபோது அதை ஆதரவு உள்ள மாடல்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கடைசி நாளில் புதிதாக வாங்கியவருக்கு நான்கே ஆண்டுகள். அந்த லேப்டாப் சொனோமாவைத் தாங்கும் என்பதை ஊதியமில்லாமல் உழைக்கும் தன்னார்வலர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். டிரைவரை நீக்காமல் விட்டிருந்தால் இத்தனை பேர் மதர்போர்டு வியாபாரிகளிடம் போய் நிற்க வேண்டியிருக்காது.

ஓபன்கோர் லெகசி பேட்சர் இலவசம். மென்பொருள்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் டோர்டேனியா என்ற குழுவின் பக்கம்தான் அதன் இருப்பிடம். அதே பெயரில் வேறு தளத்தில் கிடைப்பதையும், எல்லாம் ஏற்கனவே பேட்ச் செய்யப்பட்டது என்று யாரோ பென்டிரைவில் தருவதையும் நிறுவாதீர்கள். கணினியின் ஆழம் வரை கைவைக்கும் மென்பொருள் இது. யார் செய்தது என்று தெரியாத பிரதியிடம் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லை ஒப்படைக்கக் கூடாது. நிறுவித் தரும் உழைப்புக்கு ஒருவர் கூலி கேட்பது நியாயம். மென்பொருளுக்கு உரிமக் கட்டணம், வருடாந்தரக் கட்டணம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கைக்கு இதே மாடல் வேண்டாம். ஆப்பிள் வழக்கமாக அண்மைய மூன்று பதிப்புகளுக்குத்தான் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது, இன்டெல் மேக்குகளுக்கு டஹோவே கடைசி என்று 2025 ஜூனில் அறிவித்தும் விட்டது. உங்களிடம் இருப்பதைப் பராமரித்துப் பயன்படுத்துவதில் தவறில்லை. புதிதாகப் பணம் போட்டு இன்னொன்றை வாங்குவது வேறு விஷயம். முடிந்தால் இன்டெலுக்குப் பதிலாக ஆப்பிளின் சொந்த எம்1 சிப் உள்ள பழைய மேக்புக் ஏர் ஒன்றைத் தேடுங்கள்.

இன்டெல் மேக்தான் கைக்கு எட்டுகிறது என்றால், விற்பவர் காட்டும் மேக்ஓஎஸ் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆதரவற்ற லேப்டாப்பில் பேட்ச் போட்டு, லேட்டஸ்ட் மேக்ஓஎஸ் ஓடும் மாடல் என்று கூடுதல் விலைக்குத் தள்ளுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர் முன்னாலேயே அணைத்து, ஆப்ஷன் விசையை அழுத்தித் திறவுங்கள். ஈஎஃப்ஐ பூட் என்ற படம் தெரிந்தால் பெரும்பாலும் அது ஓபன்கோரில் ஓடுகிறது, விலையை அதற்கேற்பப் பேசுங்கள். படங்களுக்குப் பதிலாகப் பூட்டுச் சின்னம் வந்து கடவுச்சொல் கேட்டால், பழைய உரிமையாளரின் பூட்டு இன்னும் எடுக்கப்படவில்லை. எடுத்துக் காட்டும் வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.