கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துக்குப் போயிருந்தோம். நான் அரண்மனை என்கிறேன். பள்ளியில் படிக்கும் மகன், சேதுபதிகளின் படைத் தலைமையிடம் என்று சாதிக்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: தம்பி சொல்வதும் சரிதான், தங்கச்சி. போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை எழுப்பியவர் கிழவன் சேதுபதி (1671–1710). ஆனால் அந்தக் கோட்டைக்குள் பெரிய படை எப்போதும் முகாமிட்டிருக்கவில்லை. படைப்பற்று என்று நிலம் வாங்கிக்கொண்டு வீரர்கள் ஊர் ஊராக உழுதுகொண்டிருந்தார்கள். ஓலை வந்தால் வேலும், வளரி என்ற வளைந்த எறிகருவியுமாகக் கிளம்பிவிடுவார்கள். அந்த உத்தரவு பிறந்த கொலு மண்டபம்தான் நீங்கள் பார்த்தது.

அமைப்பைக் கவனித்தீர்களா? உயரமான மேடை, படியேறினால் தூண்கள் நிறைந்த மகாமண்டபம், அப்புறம் அர்த்தமண்டபம், உள்ளே கருவறை மாதிரி ஓர் அறை. கோயில் கட்டுகிற முறையிலேயே அரசவையைக் கட்டியிருக்கிறார்கள். சுவரெல்லாம் ஓவியம். முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை. முந்நூறு வருடம் ஆகிவிட்டது. ராமாயணக் காட்சிகள் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இன்னொரு பக்கம். சின்ன வயதில் தேவிபட்டினத்திலிருந்து அப்பா என்னைக் கூட்டிப்போனபோது, அந்தப் போர்ச்சுவர் முன்னால்தான் நின்றுவிட்டேன். போன வருடம் மறுபடி போனால், ஒரு குதிரைவீரன் மேல் யாரோ ஆணியால் பெயர் கீறியிருக்கிறார்கள். வயிறு எரிந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் அது.

1772இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் கோட்டையைப் பிடித்தன. பாலகனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் தாயோடு திருச்சிக்குச் சிறை கொண்டுபோனார்கள். பிறகு விடுதலையானார், 1795இல் மறுபடி பதவியைப் பறித்தார்கள். 1809இல் சென்னையில், கைதியாகவே இறந்தார்.

கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் வரவழைத்ததும் இதே ராமலிங்க விலாசத்துக்குத்தான், 1798 செப்டம்பரில். பேச்சு கைகலப்பானது. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். கட்டபொம்மன் தப்பினார், அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். தம்பி ஒரு படைக் கட்டடத்தைத் தேடினால், இந்த ஒரு நாளே போதும்.

அடுத்த முறை காலையில் போங்கள். வாசல் வெளிச்சம் உள்ளே வரும்போது போர்ச்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கை மட்டும் வைக்க வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது.