டேபிள் என்றால் பேசுவதா, ஒத்திப்போடுவதா?

வணக்கம் ஐயா. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஷிஃப்ட் மாற்றுவதில் உள்ள சிக்கலை மீட்டிங்கில் சொன்னேன். "லெட்ஸ் டேபிள் இட்" என்றார் மேனேஜர். சரி, பேசப்போகிறார்கள் என்று காத்திருந்தேன், மீட்டிங்கே முடிந்துவிட்டது. 200 இடியம் (ஆங்கில மரபுத்தொடர்) மனப்பாடம் செய்திருக்கிறேன், சமயத்தில் வாயில் ஒன்றும் வருவதில்லை. எப்படித்தான் கற்பது?

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

நீங்கள் புரிந்துகொண்டது தப்பே இல்லை. நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டை 'டேபிள்' செய்தார்கள் என்று இங்குள்ள ஆங்கில நாளிதழ்களில் படித்து வளர்ந்தவர்கள் நாம். அது பிரிட்டிஷ் வழக்கு, பேச்சுக்கு முன்வைப்பது. அமெரிக்கர் அதையே சொன்னால் இப்போதைக்கு ஒத்திப்போடுவோம் என்று பொருள், நேர் எதிர்.

அந்த 200-ஐ மூடி வையுங்கள். ஃபேக்டரி பஸ்ஸில் கூட வருகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு, பாலம் தாண்டுவதற்குள் அன்றைக்கு வேலையில் வயிறெரிந்த ஒன்றை முதலில் தமிழிலேயே கொட்டுங்கள். 'தப்பு செய்தது அவன், மாட்டிவிட்டது என்னை' என்பீர்கள் இல்லையா, அந்தச் சூட்டோடு 'ஹீ த்ரூ மீ அண்டர் த பஸ்' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் மறக்காது. பொறுப்பை ஆளாளுக்கு அடுத்தவர் தலையில் கட்டினால் 'பாசிங் த பக்'. அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் மேசையில் 'த பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்று பலகையே வைத்திருந்தார், கடைசிப் பொறுப்பு என்னுடையது, இதற்கு மேல் தள்ளிவிட ஆளில்லை என்று. நாம் பலிகடா என்கிறோம், மலாயில் காம்பிங் ஹீத்தாம், ஆங்கிலத்தில் ஸ்கேப்கோட், மூன்று மொழியிலும் மாட்டிக்கொள்வது ஆடுதான். மூன்றும் காதில் விழுந்தபடி வளர்ந்த உங்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். அந்த 'அண்டர் த பஸ்' தொடரை நண்பரோடு வைத்துக்கொள்ளுங்கள், மேலிடத்தில் சொன்னால் அது குற்றச்சாட்டு. பிறை வட்டாரத்தில் வேலை பார்த்த நாளில் நான் மீட்டிங்கில் அப்படிச் சொல்லிவிட்டதில், ஒரு சக ஊழியர் மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் போனார். நல்ல மனிதர், இன்றைக்கும் வருத்தம்தான்.

உங்கள் ஷிஃப்ட் விஷயம் முடியவில்லை, ஒத்திப்போட்டதுதான். அடுத்த மீட்டிங்கில் 'கேன் வீ டிஸ்கஸ் த ஷிஃப்ட் ஸ்கெட்யூல் டுடே?' என்று நேராகக் கேளுங்கள். அதற்கு இடியமே வேண்டாம்.